கிரேன்காரன் தொங்கும் இடம்

கதவில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காவலாளிக்கே அவளைத் தெரியாது. ‘இன்னும் ஒண்ணு மேடம்’ எங்கே என்று கேட்டுப் பாருங்கள், உடனே கையை நீட்டுவார். நேராகப் போய், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, இடது பக்கம் சினிமா சத்தம் கேட்கும் கதவு.

அவள் பிசியோதெரபிஸ்ட். முழங்காலை மடக்கச் சொல்லுவாள். உயிர் போகிற மாதிரி வலியோடு மடக்கி முடித்தால், சிரித்த முகத்தோடு “இன்னும் ஒண்ணு” என்பாள். இதுதான் கடைசி என்று சத்தியம் செய்து வாங்கிய ஒன்றுக்குப் பின்னாலும் ஒன்று காத்திருக்கும். வீட்டிலும் இதே கதைதான் என்று ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சாப்பாட்டுத் தட்டில் கையைக் குறுக்கே வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி விழுந்துவிடுமாம். ஆள் என்னவோ சின்ன உருவம். புதிதாக வரும் நோயாளிகள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணா நம்மைத் தூக்கி நிறுத்தப் போகிறது என்று முகத்தைச் சுளிப்பார்கள். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவளைப் பொண்ணு என்று சொல்வதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். தூக்குவது தன் வேலை இல்லை, எழுந்திருக்க வேண்டியது நீங்கள்தான் என்று அவர்களிடம் சொல்லிவிடுவாள்.

கூடம் நீளமானது. ஒரு பக்கம் கட்டில்கள். நடுவே நடை பழக இரட்டைக் கம்பிகள். சுவரோரம் நாலு படி ஏறி நாலு படி இறங்கும், எங்கும் போய்ச் சேராத ஒரு மரப் படிக்கட்டு. கோடியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி, அதன் மேல் பழைய டிவியும் சிடி பிளேயரும். இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு வீடியோ கடைக்காரர், நடந்து வெளியே போன அன்று நன்றிக்கடனாகக் கொடுத்துவிட்டுப் போனவை. கடையைத்தான் மூடியாயிற்றே, வைத்து என்ன செய்ய என்றார். கூடவே ஒரே ஒரு படம். சிடியின் மேல் எழுதியிருந்த பெயர் கைபட்டுக் கைபட்டு அழிந்துபோயிருந்ததால் அங்கே அதற்குப் பெயர் கிரேன் படம்.

தொண்ணூறுகளில் சக்கைப்போடு போட்ட சண்டைப் படம் அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவன். அவன் தம்பியையும் கூட வேலை பார்ப்பவர்களையும் ஒரு கும்பல் கன்டெய்னருக்குள் அடைத்து அந்தரத்தில் தொங்கவிடுகிறது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கிரேன்காரனின் கணுக்கால் நொறுங்கிவிடுகிறது. மிச்சப் படம் முழுக்க அவன் அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் ஓடுகிறான், ஒளிகிறான், சண்டை போடுகிறான். கடைசியில் கிரேனின் ஏணியில் ஏறிப் போய்க் கன்டெய்னரைத் தரையில் இறக்க வேண்டும்.

“இந்தப் படம் ஏன் இன்னிக்கும் நிக்குது தெரியுமா மேடம்?” என்று வீடியோ கடைக்காரர் போகிறபோது சொன்னார். “இதுல அடிபட்டவனுக்குக் கடைசி வரைக்கும் வலிக்குது.”

அன்றைக்கு அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. சண்டைப் படம் என்றாலே அவளுக்கு ஆகாது. ஒருநாள் யாரோ வேறு படம் போட்டார்கள். அதில் நாயகன் ஐந்தாவது மாடியிலிருந்து கார் மேல் விழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பாட்டுப் பாடப் போய்விட்டான். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பில் தகடு வைத்திருந்த கொத்தனாருக்கு வந்ததே கோபம். இவனுக்கு எலும்பா ரப்பரா, முதலில் அதை அணையுங்கள் என்று கத்திவிட்டார். அந்தக் கூடத்தில் அந்த மாதிரிப் படம் ஓடுவது, பசியோடு இருப்பவன் முன்னால் உட்கார்ந்து ஏப்பம் விடுவது போலத்தான். மறுநாளிலிருந்து மறுபடி கிரேன் படமே வந்தது.

அதை ஆளாளுக்கு அவரவர் தொழிலை வைத்து எடை போட்டார்கள். இவன் கால் வைப்பதற்கு முன்னால் கம்பியை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறான், உயரத்தில் வேலை பார்த்தவன் அப்படித்தான் செய்வான் என்றார் கொத்தனார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்த தையற்கார அம்மா சட்டையைத்தான் பார்த்தாள். முதல் சண்டையில் தோளில் தையல் விட்டது விட்டதுதான், படம் முடிகிற வரைக்கும் அதே இடத்தில் கிழிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போகிறது, இந்தக் காலத்துப் படத்தில் அடுத்த காட்சியில் புதுச் சட்டை வந்துவிடும் என்றாள். நம் மேடம் மட்டும் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. நோயாளியின் முன்னால் நின்று, அவர் நடக்க நடக்கப் பின்னோக்கி நடப்பது அவள் பழக்கம். டிவி எப்போதும் அவளுக்கு முதுகுப் பக்கம். சத்தத்தையும் எதிரில் இருப்பவர் முகத்தையும் வைத்தே கதை எங்கே வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

சிடியில் ஒரு கீறல் இருந்தது. கிரேன்காரன் ஏணியின் உச்சிக்குப் பக்கத்தில் போய், அடுத்த கம்பிக்குக் கையை நீட்டும் இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, ஒரு கையில் தொங்கிக்கொண்டே இருப்பான். ரிமோட் என்று ஒன்று இருந்தது, யாரோ பைஜாமா பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் யாராவது கோடி வரைக்கும் நடந்து போய்ப் பிளேயரின் பொத்தானை அமுக்கினால்தான் அவன் மேலே ஏறுவான்.

முதலில் அவளே போய் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் கை வேலையாக இருந்தபோது, கம்பியை விட்டு ஓர் அடி எடுத்து வைக்கக்கூடப் பயந்துகொண்டிருந்த தையற்கார அம்மா, “பாவம், எவ்வளவு நேரம் தொங்குவான்” என்று முணுமுணுத்தபடி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்த பிறகுதான் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. கூடமே கைதட்டியது.

அதோடு அது சட்டமாகிவிட்டது. கம்பியை விட்டு வெளியே வருபவர்தான் கிரேன்காரனை ஏற்றிவிட வேண்டும். குணமாகிப் போனவர்கள் கடைத்தெருவில் பார்த்துக்கொண்டால், நீங்கள் எத்தனை தடவை ஏற்றிவிட்டீர்கள் என்று விசாரித்துக்கொள்வார்கள். புது சிடி வாங்கித் தருகிறேன் என்று கணவர் சொன்னபோது அவள் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடாத படத்துக்கு இந்த மவுசா என்று கேட்டார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டிரைவர் வந்து சேர்ந்தார்.

ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் வண்டியை ஒப்படைத்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் இடது கையையும் காலையும் பிடுங்கிக்கொண்டது. பேச்சு மட்டும் தப்பியிருந்தது, ஆனால் அதைச் செலவழிக்க அவருக்கு மனமில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கல்லுப்பிள்ளையார்தான். கட்டிலில் படுத்துச் செய்கிற பயிற்சி எல்லாம் செய்வார். காலில் பலமும் ஓரளவு திரும்பியிருந்தது. கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு போய்வருவார். கம்பி முடிகிற இடம் வந்ததும் நின்றுவிடுவார். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர மாட்டார்.

காரணம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டுக் குளியலறையில் ஒருமுறை விழுந்திருக்கிறார். மகள் ஓடிவந்து தூக்கப் பார்க்க, அவளையும் சேர்த்துச் சாய்த்துவிட்டிருக்கிறார். மகளுக்கு நெற்றியில் தையல். அன்றைக்குத்தான் அவருக்குள் ஏதோ அணைந்துபோயிருக்கிறது.

“பிரேக் இல்லாத வண்டியை நான் ரோட்டுல எடுத்ததில்ல மேடம்,” என்றார். “இனிமேலும் எடுக்க மாட்டேன்.”

மகள் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். கெட்டிக்காரி. கெட்டுப்போன எதையும் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. வந்தவுடன் அப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வாள், செருப்பை மாட்டிவிடுவாள், தண்ணீரை வாயருகே கொண்டுபோவாள். வலது கையால் அவரே குடிக்கலாம் என்று மேடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரி சரி என்று சொல்லிக்கொண்டே மகள் மூன்றாவது தடவையும் டம்ளரைப் பிடித்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பாசம் இருக்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

வீடோ இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கடைக்கும் போய், அப்பாவையும் சுமக்க ஒற்றை ஆளால் ஆகாது. பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம். அதற்குள் துணையில்லாமல் நாலு அடி நடந்தால் வீடு. இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, அங்கே போக வேண்டியதுதான். மகள் வராந்தாவில் நின்று அழுதாள். அந்த இல்லத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை மேடமும் பார்த்ததில்லை. அன்று மாலை வீட்டில் கணவர் தட்டில் இன்னொரு கரண்டி விழவே இல்லை. அதற்கே அவர் பயந்துபோனார்.

டிரைவருக்கும் கிரேன் படத்துக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு லாரியால்தான். படத்தின் நடுவே கிரேன்காரன் ஈரத் தளத்தில் ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு போவான். அன்று டிரைவர் கம்பி முனையில் நின்றுகொண்டிருந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் டயர் கிறீச்சிட்டது. எதிரே அந்தக் கல் முகத்தில் புருவம் ஏறியது.

“நிஜ வண்டி,” என்றார். “சுமை ஏத்தியிருக்கான். ஈரத்துல பிரேக் பிடிச்சா வாலு இப்படித்தான் வீசும்.”

அதற்குப் பிறகு படம் போட்டால் நாற்காலியைத் திருப்பச் சொல்லுவார். இப்போது வருகிற படங்களில் லாரி காற்றில் பல்டி அடிக்கிறது, அதற்கு எடையே கிடையாது, எடை இல்லாத வண்டியைப் பார்த்து எதற்குப் பயப்படுவது என்று கொத்தனாரிடம் நியாயம் பேசுகிற அளவுக்கு ஆளே மாறினார். நடைதான் மாறவில்லை. கிரேன்காரன் தொங்கும் இடம் வந்ததும் கொத்தனார் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போவதை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை அவள் கவனித்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவார்.

புதன்கிழமை மகள் வந்தாள், கையில் ஒரு பென் டிரைவ். அப்பாவுக்குப் பிடித்த படம் பாதியில் நின்றுவிடுகிறதாமே என்று, எங்கெங்கோ தேடி நல்ல பிரதியாகப் பிடித்து வந்திருந்தாள். கடையிலிருந்து ஒரு புது டிவியையும் தூக்கிக்கொண்டு வந்து, பழையதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மாட்டிவிட்டாள். படம் கண்ணாடி மாதிரி ஓடியது. கிரேன்காரனின் தாடி மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவன் ஏணியில் ஏறினான், கையை நீட்டினான், அடுத்த கம்பியைப் பிடித்தான், போய்க்கொண்டே இருந்தான்.

 பாதி எழுந்திருந்த கொத்தனார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தையற்கார அம்மா, நல்லாத்தான் இருக்கு என்று இழுத்தாள். மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாசத்தோடு கொண்டுவந்த பெண்ணிடம் கோபப்படுகிறோமே என்று தன் மேலேயே இன்னொரு கோபம் வந்தது.

“எடுத்துடு பாப்பா,” என்றார் டிரைவர்.

“ஏம்பா? தெளிவா இல்லையா?”

“தெளிவாத்தான் இருக்கு.” டிவியையே பார்த்தார். “இங்கேருந்து போறதுக்குள்ள ஒரு தடவையாவது நான் போய் அவனை ஏத்திவிடணும்னு நெனச்சிட்டிருந்தேன். இப்ப யாரும் போகத் தேவையில்ல. அவனே போயிட்டான்.”

மகளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மேடம் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் கீறலின் கதையைச் சொன்னாள். மகள் நெற்றித் தழும்பைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினாள், புது டிவியை இறக்கினாள், பழையதையும் பிளேயரையும் தூக்கி அலமாரிமேல் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தானே வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துப் போட்டுத் தருவதாகச் சொன்னாள். சரிபார்த்து என்ற சொல்லில் மேடம் சற்று உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் கவனம் முழுக்க டிரைவர் மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வாசலருகே நின்றார். மகள் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். படம் ஓடியது. லாரி வந்தது, வாலை வீசியது, போயிற்று. ஏணிக் காட்சி வருவதற்குள் டிரைவர் கம்பி முனைக்கு வந்து, வலது கையில் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் அவருக்கு முன்னால், இடது பக்கமாக, விழுந்தால் பிடிக்க அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையில் விரல் படாமல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் இரும்பில் பூட்ஸ் சத்தம். டங். டங். டங். பிறகு நின்றது.

கூடமே டிரைவரைப் பார்த்தது. அவர் தன் இடது காலைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை.

“பிரேக்குக்கு நான் இருக்கேன் அண்ணே,” என்றாள் அவள் மெதுவாக. “நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாருங்க.”

ஊன்றுகோல் நகர்ந்தது. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. வலது கால் வந்து சேர்ந்தது. கம்பி பின்னால் போய்விட்டது. இன்னும் ஒன்று என்று அவள் சொல்லவில்லை, வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஊன்றுகோல், இடது, வலது. அவர் கண் அவள் தலைக்கு மேலே, தொங்கிக்கொண்டிருப்பவன் மேல் இருந்தது. அவள் பின்னோக்கி நடந்தாள்.

பாதி வழியில் அது நடந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடி டங் என்றது. பிறகு டங், டங் என்று வேகமாக. படம் தானாகவே கிளம்பிவிட்டது.

மேடம் அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, அவர் முகத்திலேயே எல்லாம் தெரிந்தது. நாற்காலிப் பக்கமிருந்து மகளின் குரல் அழுகையும் பயமுமாக வந்தது. போடுவதற்கு முன்னால் சிடியைப் பற்பசை வைத்துத் துடைத்தாளாம், கடையில் கீறல் விழுந்த கண்ணாடிக்கெல்லாம் அப்படித்தான் செய்வாளாம். படம் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தாளாம், அது போகவேண்டிய கீறல் இல்லை என்பது மறந்தே போய்விட்டதாம். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் நடுக் கூடத்தில், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடத்தில், போகவேண்டிய காரணமும் கைவிட்டுப் போய் நின்றுகொண்டிருந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. திரும்பு என்று யாராவது சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார்.

மேடத்தின் கை பட்டையை நெருங்கியது. டிரைவர் தலையை ஆட்டினார்.

“அவன் ஏறிட்டான்,” என்றார். மூச்சு வாங்கியது. “ஏறட்டும். என் ஸ்டாப் இன்னும் வரலையே.”

ஊன்றுகோல் முன்னால் வந்தது. இடது. வலது. ஒருமுறை முழங்கால் மடங்கிற்று. தையற்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நின்றார், தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டார். அவள் கை அவரைத் தொடவில்லை. இடது. வலது. அவள் முதுகில் அலமாரி இடித்தது. நகர்ந்து வழிவிட்டாள். டிரைவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டி முடித்த வண்டியைத் தட்டிக்கொடுப்பது போல டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கன்டெய்னர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்து தம்பி வெளியே வந்தான். மேடம் அந்தக் காட்சியை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். கண்ணீர் மறைத்ததில் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

எல்லோரும் கைதட்டக்கூட மறந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் மட்டும், பராமரிப்பு இல்லத்துக்குத் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

டிரைவர் மூச்சு அடங்கித் திரும்பினார். வந்த தூரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“மேடம், ரிட்டர்ன் டிரிப் உண்டா?”

“இன்னும் ஒண்ணுதானே அண்ணே,” என்றாள் அவள்.

மகள் பழக்கதோஷத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடிவந்து நின்றாள். தோளில் கடைச் சாமான்கள் நிறைந்த கனமான பை. அவர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“அதுல உன் பையை வச்சுக்கோ பாப்பா,” என்றார். “பாவம், எவ்வளவு நேரம் சுமப்பே.”